கடைசி வரிசைக்குக் கேட்கிற கோல்

காய்கறி மண்டியில் அவரை எல்லோரும் சங்கு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆலைச் சங்கைச் சொல்கிறார்கள் என்று அவரே முந்திக்கொண்டு விளக்கம் கொடுப்பார், வேறு சங்கை யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று. ஆள் ஒல்லி. கழுத்தில் நரம்பு தெரியும். அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் கிளம்பும் என்று புதிதாக வருகிற யாரும் நம்ப மாட்டார்கள். காலி மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று அவர் ஏலம் கூறினால், தகரக் கூரைக்குக் கீழே கடைசி வரிசையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும்.

ஏலத்தில் வாங்குகிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. விரலைத் தூக்குவார்கள், அவ்வளவுதான். சங்கு விரல்களைப் பார்த்துக் குரலை ஏற்றிக்கொண்டே போவார். விரல்கள் அடங்கியதும் ஒரு தரம். ரெண்டு தரம். ஒரு மூச்சு விட்டு, மூணு தரம். சொல்லிவிட்டால் முடிந்தது. சரக்குக்காரர் தலையில் அடித்துக்கொண்டாலும் வாங்கினவர் காலில் விழுந்தாலும் அது மாறாது.

ஒருமுறை சொந்த மச்சினனுக்கே மாறவில்லை. ஒரு வண்டி காலிஃபிளவருக்கு மச்சினன் விரல் தூக்கியதும் இவர் மூணு தரம் சொன்னதும் ஒரே கணத்தில் நடந்தன. சரக்கு வேறு ஆளுக்குப் போனது. மச்சினனின் விரல் தாமதமா, இவருடைய கண் தாமதமா என்பது குடும்பத்தில் இன்றுவரை தீராத வழக்கு. அவர் மனைவி ஒரு வாரம் பேசாமல் தட்டை டங்கென்று முன்னால் வைத்தார். சங்கு பேசாமல் சாப்பிட்டார். அவருக்குப் படிப்பில்லை, சொத்தில்லை. சொன்னால் சொன்னதுதான் என்ற பேர் ஒன்று இருந்தது. அதை மச்சினனுக்காக விற்க அவர் தயாராக இல்லை.

நான்கு வருடத்துக்கு ஒரு முறை வருகிற கால்பந்து உலகக் கோப்பை அவருக்கு இன்னொரு உத்தியோகம். எடை மேடைக்கு மேலே இரும்புச் சட்டத்தில் ஒரு டிவி மாட்டியிருந்தது. பெட்டியின்மேல் நிற்கிறவருக்கு அது நேர் எதிரே தெரியும். மற்றவர்களில் பலருக்கு ஆள் உயரத்துக்கு அடுக்கிய மூட்டைகள் மறைக்கும். அதனால் மண்டியில் பாதிப்பேர் உலகக் கோப்பையைப் பார்த்ததே இல்லை. சங்கின் வாயால் கேட்டவர்கள்தான். ஒரு கண்ணை விரல்களிலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்துக்கொண்டு, தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் நடுவில் அவர் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே போவார். "வெங்காயம் ரெண்டு தரம், வலது பக்கம் ஓடறான், மூணு தரம், தட்டிட்டான், தட்டிட்டான், அய்யோ கம்பம்!" என்று மூச்சு விடாமல் வரும். விலை எது, பந்து எது என்று யாரும் குழம்பியதில்லை.

கோல் விழுந்தால் அவர் கத்துகிற கத்தலுக்கு ஒரு மறுமொழி உண்டு. யார் எங்கே நிற்கிறார்களோ அங்கே இருக்கிற மூட்டையை ஓங்கி ஒரு அறை. உருளைக்கிழங்கு தொம்மென்னும். வெங்காயம் சரக்கென்னும். கூடம் முழுக்கப் புழுதி கிளம்பி, கூரை ஓட்டை வழியாக இறங்குகிற வெயிலில் சுற்றும். தெருவில் வண்டியோடு நிற்கிறவர்கள் புழுதியைப் பார்த்தே, "விழுந்துடுச்சு" என்பார்கள்.

கடைசி வரிசையில் சுமை தூக்குகிறவருக்கு ஒட்டகம் என்று பேர். கழுத்து முன்னால் நீண்டு முதுகு வளைந்து போனதால் வைத்த பேர். சங்கும் அவரும் ஒரே பருவத்தில் மண்டிக்கு வந்தவர்கள். முதுகில் மூட்டை இருக்கும்போது அவரால் பார்க்க முடிந்தது தன் கால் விரலும் முன்னால் போகிறவரின் குதிகாலும்தான்.

"அண்ணே, நான் உங்க கோலைத்தான் பாத்திருக்கேன். டிவியில அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்பார்.

"இதைவிட நல்லா இருக்காது, விடு."

இந்த முறை கோப்பை வந்தபோதே அதன் முகம் சரியில்லை. நடத்துகிறவர்கள் வந்தவர் போனவரையெல்லாம் சேர்த்துக்கொண்டு அணிகளின் கூட்டத்தைப் பெருக்கியிருந்தார்கள். எதற்காக ஆடுகிறோம் என்று ஆடுகிறவர்களுக்கே தெரியாத ஆட்டங்கள் வரிசையாக வந்தன. தோற்றவர்களும் அடுத்த சுற்றுக்குப் போனார்கள். நடுவில் ஆட்டத்தை நிறுத்தி அவர்கள் தண்ணீர் குடித்தார்கள், நமக்கு சோப்பும் காரும் காட்டினார்கள். எங்கோ தூர தேசத்தில் நடந்ததால் இங்கே விடியும் நேரத்துக்கு, மண்டி வேலை மும்முரத்தில் இருக்கும்போது, ஆட்டம் நேரலையில் வந்தது. அது ஒன்றுதான் நல்லது.

"இன்னுமாண்ணே இதை முழுசாப் பாக்குறீங்க?" என்றார் கண்ணாடி. பெரிய ஓட்டல்களுக்குக் காய்கறி வாங்குகிற இளைஞர். தடித்த கண்ணாடி, கையில் எப்போதும் செல்போன். "கோலை மட்டும் வெட்டி அனுப்பறான். அஞ்சு நிமிஷம். முடிஞ்சுது."

"அப்ப சினிமாவுக்குப் போனா கடைசி சீனை மட்டும் பாப்பியா?"

"ஆமாண்ணே. அப்படித்தான் பாக்குறேன்."

கேலிக்குக் கேட்டதற்கு ஒருவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்னதான் செய்வது?

ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டம் உள்ள நாட்களில் அவர் மனைவி உப்புப் போட்டு வெந்நீர் வைத்துக் கொடுப்பார். தொண்டையைக் கொப்பளித்துவிட்டுத்தான் மண்டிக்குக் கிளம்புவார். காலிறுதி அன்றும் அப்படித்தான் கிளம்பினார்.

அன்றைய ஆட்டம் நிஜமாகவே ஆட்டமாக இருந்தது. ஏழை நாட்டு அணி ஒன்று பெரிய அணியைப் போட்டு நெருக்கிக்கொண்டிருந்தது. கடைசி நிமிடங்களில் அவர்களுடைய குட்டையான ஆட்டக்காரர் ஒருவர் கூட்டத்துக்குள் நுழைந்து பந்தைத் தள்ள, வலை ஆடியது. சங்கு பெட்டியின்மேல் நுனிக்காலில் எழும்பினார்.

"கோஓஓல்!"

மண்டி முழுக்க மூட்டைகள் அதிர்ந்தன. கடைசி வரிசையில் ஒட்டகம் அந்த நேரத்தில் தக்காளிப் பெட்டிகள் இரண்டைத் தோளில் வைத்திருந்தார். இத்தனை வருட வழக்கத்தில் கை தானாகப் பக்கத்து மூட்டையை அறையப் போனது. பெட்டிகள் சரிந்தன. தக்காளி தரை முழுக்க ஓடியது. குதித்துக்கொண்டிருந்தவர்கள் அதன்மேல் ஏறி மிதித்தார்கள். ஒட்டகமும் சிரித்துக்கொண்டே மிதித்தார். கோல் விழுந்திருக்கிறதே.

திரையில் நடுவர் காதில் விரலை வைத்தார். பிறகு, வீடியோவில் பார்த்துச் சொல்கிறோம் என்பதற்கு அடையாளமாக, இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு கட்டம் வரைந்தார். ஆட்டக்காரர்கள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். புல்லின்மேல் ஒரு கோடு போட்டார்கள், பக்கத்தில் இன்னொரு கோடு. குட்டையானவரின் பூட்ஸ் நுனி கோட்டைத் தாண்டி நகம் அளவுக்குத் தெரிந்தது. ஆஃப்சைடு, கோல் இல்லை என்றார்கள்.

பின்னாலிருந்து ஒட்டகம் வந்தார். முழங்கால் வரை தக்காளிச் சாறு.

"எத்தனைண்ணே இப்ப?"

சங்கு திரையையே பார்த்துக்கொண்டு, "இல்லைன்னுட்டான்" என்றார்.

"யாரு?"

"உள்ள ஒரு ரூம்ல உக்காந்து டிவி பாக்குறவன்."

"டிவி நாமளும்தானே பாக்குறோம்?" ஒட்டகத்துக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீங்க கோல்னு சொன்னீங்களே?"

அதற்குள் தக்காளிக்குச் சொந்தக்காரர் வந்து ஒட்டகத்தை நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டினார். "சின்னப் பிள்ளையாய்யா நீ? கோலாம் கோல். எவனோ கத்தினா கையை விட்டுடுவியா?" ஒட்டகம் விளக்குமாற்றை எடுத்துத் தானே கூட்டி அள்ளினார். பெட்டியின்மேல் நின்ற சங்குக்கு, 'எவனோ' என்ற சொல் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் முட்டைக்கோசுக்கு மூணு தரம் சொல்லி முடித்ததும், கூட்டத்தில் கண்ணாடி கைகளைத் தூக்கிக் காற்றில் கட்டம் வரைந்தார். எல்லோரும் சிரித்தார்கள். சங்கும் சிரித்தார். அடுத்த சரக்குக்கு இன்னொருவர் வரைந்தார். அன்று முழுக்க அதே வேலை. அதற்கடுத்த நாள் டீ கொண்டு வருகிறவர்கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டம் போட்டார். சங்கு அந்த டீயைக் குடிக்கவில்லை.

பிறகு அது விளையாட்டாக இல்லாமல் போனது. ஒரு வண்டி கேரட்டை சங்கு ஒரு பெண் வியாபாரிக்கு மூணு தரம் சொன்னார். கண்ணாடி கையைத் தூக்கினார். இந்தத் தடவை சிரிப்பில்லை.

"நான்தாண்ணே முதல்ல விரல் தூக்கினேன்."

"சொல்லியாச்சு தம்பி."

"சொல்லியாச்சுதான். ஆனா என்கிட்ட இருக்கு." சரக்கைப் படமெடுத்து முதலாளிக்கு அனுப்புவது அவர் வழக்கம். செல்போனை நீட்டினார்.

மண்டிச் செயலாளர் அலுவலக அறையிலிருந்து இறங்கி வந்தார். நல்ல மனிதர்தான், யாருக்கும் கெட்டவராக இருக்க விரும்பாதவர். "ஒரு நிமிஷம் பாத்துடலாமே அண்ணே, என்ன இப்போ?" என்றார். பார்த்தார்கள். ஓட்டிப் பார்த்தார்கள், நிறுத்திப் பார்த்தார்கள், விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். கண்ணாடியின் விரல் அந்த அம்மாவின் விரலுக்கு ஒரு இமைப்பொழுது முன்னால்தான் இருந்தது. சங்குக்கும் தெரிந்தது. தவறுதான். கேரட் கை மாறியது.

"இனிமே இந்த டிவி மாட்டின சட்டத்துல ஒரு கேமரா மாட்டிடலாம்," என்றார் செயலாளர். "கோப்பை முடியட்டும். உலகக் கோப்பையிலயே வெச்சுட்டான், நமக்கு என்ன?"

கேரட்டை இழந்த அம்மா கிளம்பும்போது, "உங்க வாய்ல வந்தா அது மாறாதுன்னு சொல்லுவாங்க. சும்மாதான் சொல்லிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "தப்பு நடக்கும்! நடக்கத்தான் செய்யும்! மனுஷன் கண்ணுய்யா இது!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். "அதுக்குத்தான் மூணு தடவை சொல்றது. ஆட்சேபணை இருந்தா அதுக்குள்ள சொல்லு. அப்புறம் வாயை மூடு. எல்லாம் முடிஞ்சப்புறம் நகத்தை அளக்க வர்றானுங்க! ஊரு ஒலகமே எழுந்து குதிச்சப்புறம் உக்காருங்கறான்! குதிச்ச குதியை எவன் திருப்பித் தருவான்?"

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார். "அப்ப என் தம்பி அன்னிக்குச் சொன்னது?"

"என்ன சொன்னான்?"

"விரலைத் தூக்கினது நான்தான் முதல்லன்னு. அன்னிக்கு ஒரு கேமரா இருந்திருந்தா?"

"ஏம்மா, நான் என்ன பேசறேன், நீ என்ன பேசறே!"

"ரெண்டும் ஒண்ணுதான்."

செய்தி எப்படித்தான் போகுமோ. சற்று நேரத்தில் மச்சினனிடமிருந்து போன் வந்தது. "மாமா, கேள்விப்பட்டேன். காலிஃபிளவர் கேஸை மறுபடி எடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பு, போனைக் காதிலிருந்து எடுத்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது.

அரையிறுதியில் ஒரு கோல் விழுந்தது. நல்ல கோல். வெகு தூரத்திலிருந்து அடித்தது. சங்கு வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். நடுவர் காதில் கை வைத்திருந்தார். கூடத்தில் எல்லோரும் மூட்டைமேல் கையை வைத்தபடி சங்கின் முகத்தைப் பார்த்தார்கள். கோடு போட்டார்கள். இன்னொரு கோடு போட்டார்கள். ஒரு விளம்பரம்கூடப் போட்டார்கள். கடைசியில் கோல்தான் என்றார்கள். சங்கு, "கோல்" என்றார். யாரோ இரண்டு பேர் மூட்டையைத் தட்டினார்கள், பூனையைத் தட்டுகிற மாதிரி. புழுதி எழவில்லை. ஒட்டகம் உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்தவர், நிற்காமல், கேட்காமல், அவருடைய பெட்டியைக் கடந்து வெளியே வண்டிக்குப் போய்விட்டார். எத்தனை என்று அவர் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை.

ஆட்டத்தில் சுவை செத்துப்போயிற்று, இப்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று மண்டியிலும் டீக்கடையிலும் பேசிக்கொண்டார்கள். ஏதோ வயதாகித் தானே செத்துப்போனதைப்போல! சங்குக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. எதுவும் தானாகச் சாகவில்லை. கூட்டத்தைப் பெருக்கினார்கள், நடுவில் விளம்பரத்தைச் செருகினார்கள், கடைசியில் ஒரு மனிதன் மூட்டையை ஓங்கி அறைகிற அந்த ஒரு கணத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டு, பொறு, நாங்கள் சொல்கிறோம் என்றார்கள். சந்தோஷப்பட உத்தரவு கேட்டு நிற்கிறவனுக்கு சந்தோஷம் எங்கிருந்து வரும்? பிறகு, ரசிகர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று அவர்களே டிவியில் உட்கார்ந்து கவலைப்படுகிறார்கள்.

இறுதி ஆட்டத்தன்று விடிவதற்கு முன் எழுந்தார். அடுப்பில் வெந்நீர் இல்லை.

"கத்தப் போறதில்லையே, எதுக்குன்னு வெக்கல" என்றார் மனைவி படுத்தபடியே.

சங்கு தானே அடுப்பைப் பற்றவைத்தார். உப்பு டப்பா கிடைக்காமல் பாத்திரங்களை உருட்டினார்.

"ரெண்டாவது தட்டுல, பருப்புக்குப் பின்னாடி" என்றது குரல்.

மண்டியில் கேமரா வந்திருந்தது. செயலாளரின் மேசைமேல் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. அது எப்படியும் சட்டத்தில் ஏறும் என்று சங்குக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் பெட்டியின்மேல் ஏறினார். ஏலம் தொடங்கியது. ஆட்டமும் தொடங்கியது.

நீல அணியும் வெள்ளை அணியும். முதல் பாதி பிசுபிசுத்துப் போனது. இரண்டாவது பாதியில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் ஓட்டத்திலேயே திரும்பி, யாரும் எதிர்பார்க்காத காலால் அடித்தார். வலை உப்பியது. அப்போது சங்கு பூசணிக்காய்க்கு ரெண்டு தரம் வரை வந்திருந்தார். பூசணிக்காய் அங்கேயே நின்றது.

"கோஓஓஓல்!"

யாரும் மூட்டையைத் தொடவில்லை. எல்லாக் கண்களும் திரையைத் தேடின. நடுவரின் கை காதுக்குப் போனது. கண்ணாடி சிரித்துக்கொண்டே கைகளைத் தூக்கிக் காற்றில் கட்டத்தின் முதல் கோட்டை வரைந்தார்.

சங்கு திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். கடைசி வரிசையைப் பார்த்து நின்றார்.

"கோல், ஒரு தரம்!"

கண்ணாடியின் கைகள் பாதிக் கட்டத்தில் நின்றன.

"அண்ணே, அவன் இன்னும் பாக்குறான்…"

"அவன் பாக்கட்டும். இந்தக் கூடத்துல எவனுக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லு. கோல், ரெண்டு தரம்!"

தெருவில் ஒரு வண்டி பின்னால் நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. சங்கு எப்போதும் விடுகிற அந்த ஒரு மூச்சை விட்டார்.

"கோல், மூணு தரம்!"

முதுகுக்குப் பின்னால் திரையில் கோடுகளைப் போட்டார்கள். எங்கேயோ ஒரு தோள்பட்டையோ முழங்காலோ தாண்டியிருந்தது. கோல் இல்லை.

"அண்ணே, இல்லைன்னுட்டான்," என்றார் கண்ணாடி. அவர் குரலில் இப்போது கேலி அவ்வளவாக இல்லை.

"அவன் ஊருல வேணா அது கோல் இல்லை." சங்கின் குரல் உடைந்திருந்தது, ஆனாலும் கூரை வரை போனது. "நான் பாத்தேன். நீ பாத்தே. அடிச்சவன் அழுதுட்டான்யா சந்தோஷத்துல, பாக்கலை? அதை இல்லைங்கறதுக்கு அவன் யாரு? நாளைக்கு இங்கயும் கேமரா மாட்டப் போறீங்க, மாட்டுங்க. என் கண்ணு தப்பு பண்ணும், கேரட்டுக்கு ஒத்துக்கிட்டேன். ஆனா இது கேரட் இல்லை. இதை எவன் வந்தாலும் நான் திருப்பித் தர மாட்டேன். மூணு தரம் சொல்லியாச்சு!"

செயலாளர் அலுவலக வாசலில் நின்று, "அண்ணே, பூசணிக்காய் காத்திருக்கு" என்றார் மெதுவாக.

அப்போது கடைசி வரிசையிலிருந்து தொம்மென்று ஒரு சத்தம் வந்தது. ஒரே ஒரு அறை. உருளைக்கிழங்கு மூட்டை. மறைப்புக்குப் பின்னாலிருந்து புழுதி மெல்ல மேலே வந்தது. அடுத்து ஒரு வெங்காய மூட்டை சரக்கென்றது. பிறகு எண்ண முடியவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் மூட்டை எதுவும் இல்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எதிரே இருந்த பூசணிக்காயின்மேல் தட்டினார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் வெள்ளை அணி ஒரு கோல் போட்டது. சங்கு அதையும் கத்தினார், அதே குரலில். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. அதற்கும் மூணு தரம் சொன்னார். அதற்கும் மூட்டைகள் அதிர்ந்தன. சற்று நேரத்தில் திரையில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். காகிதத் துண்டுகள் மழையாகப் பொழிந்தன.

ஒட்டகம் அடுத்த மூட்டையோடு கடைசி வரிசையிலிருந்து வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். குனிந்த தலையோடு, தன் கால் விரல்களைப் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தனைண்ணே?"

"ஒண்ணுக்கு ஒண்ணு."

"அப்ப கோப்பை யாருக்கு?"

"இன்னும் ஆடணும்" என்றார் சங்கு. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பூசணிக்காய், ரெண்டு தரம்!"